குளமும் குலமும்: ஊருக்கு நோட்டீஸ் எழுதத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் சனசமூக நிலையத்துக்காக நான் எழுதிய முதல் நோட்டீஸைப் பார்த்து வந்தவர்கள் 11 பேர். அதில் 7 பேர் நிர்வாகசபை. மிச்சம் 4 பேரில் ஒருவர் வாசிகசாலையில் பேப்பர் பார்க்க வந்து, கூட்டம் நடப்பதைக் கண்டு மரியாதைக்கு இருந்துவிட்டவர். 500 பிரதி அடித்து, இரண்டு பின்னேரம் சைக்கிளில் திரிந்து, படலை படலையாகச் செருகியிருந்தோம். குளத்து வாய்க்கால் அடைபட்டுக் கிடப்பது ஊருக்குத் தெரியாத விஷயமும் இல்லை. தேத்தண்ணிக் கடையில் நாளாந்தம் அடிபடுகிற கதை அது.

அந்த நோட்டீஸ் இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் "பொங்கி எழுவோம்!" அதற்குக் கீழே "எம் மண்ணின் உயிர்நாடியாம் நீர்வளம் காத்திட அலைகடலெனத் திரண்டு வாரீர்!" பிறகு 14 வரி. எங்கே, எத்தனை மணிக்கு என்பது கடைசி வரியில், பொடி எழுத்தில். திகதிக்குப் பதிலாக "எதிர்வரும் ஞாயிறு". வெள்ளிக்கிழமை கையில் கிடைத்தவருக்கு அது ஒரு ஞாயிறு. திங்கட்கிழமை கிடைத்தவருக்கு வேறொரு ஞாயிறு.

நாலு மாதம் கழித்து எழுதிய நோட்டீஸுக்கு 80 பேருக்கு மேல் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். ஊர் அதே ஊர், குளம் அதே குளம். இடையில் நான் பட்டுப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதன்முதலாக நோட்டீஸோ, அதிகாரிகளுக்குக் கொடுக்கிற கோரிக்கைக் கடிதமான மகஜரோ எழுத உட்காருகிற ஒருவருக்கு உதவும். குளம் என் உதாரணம். உங்களுடையது பஸ் நிற்காத தரிப்பிடமாக இருக்கலாம், ஒழுகுகிற வகுப்பறைக் கூரையாக இருக்கலாம், மாதக்கணக்கில் எரியாத தெருவிளக்காக இருக்கலாம்.

பேனை எடுக்க முதல் ஒரு சுற்று நடவுங்கள்

கொஞ்சம் அலுப்பான வேலைதான். ஆனால் மற்ற எல்லாவற்றையும் விட இதில்தான் பலன் அதிகம். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு 20, 30 வீட்டுக்குப் போங்கள். "குளத்தைப் பற்றி என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டால் எல்லாரும் "ஓம், துப்புரவாக்கத்தான் வேணும்" என்பார்கள். அதில் ஒன்றும் இல்லை. அவரவர் வீட்டில் நடப்பதைக் கேளுங்கள். நான் கேட்டது ஒரே கேள்வி: "கோடையில உங்கட கிணறு எப்பிடி?"

ஒருவர் மோட்டரைப் போட்டால் காற்றுத்தான் வருகிறது என்றார். இன்னொருவர் தோட்டத்துக்கு இறைப்பதை இரண்டு நாளுக்கு ஒருக்கா ஆக்கிவிட்டதாகச் சொன்னார். எங்கள் ஒழுங்கை முடக்கில் இருக்கிற ஒரு அம்மா, துலா இருந்த காலத்துக் கதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாகச் சொன்னார்: "ஆடி ஆவணியில வாளி அடியில தட்டும் தம்பி. அந்தச் சத்தம் கேட்டா நெஞ்சு பதறும்."

நான் ஒரு கிழமை குந்தியிருந்து யோசித்தாலும் எனக்கு அந்த வரி வந்திராது. இரண்டாவது நோட்டீஸின் தலைப்பு "உங்கள் கிணற்றில் வாளி அடியில் தட்டுகிறதா?" என்றுதான் இருந்தது. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறும் மழைக்குத்தான் ஆறு. சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் தேங்குகிற மழைத்தண்ணிதான் எங்கள் கிணறு. ஆகவே "நீர்வளம்" என்ற சொல்லுக்கு அசையாதவர்கள், வாளி தட்டுகிற சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பார்கள். சுன்னாகம் பக்கத்தில் நிலத்தடி நீரில் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தும்படி தீர்ப்பளித்த வழக்கு அது. அதைச் சொல்ல யாருக்கும் நீண்ட வசனம் தேவைப்படவில்லை. "கிணற்றில் எண்ணெய்" என்ற இரண்டு சொல்லே தண்ணி அள்ளுகிற எவரையும் உலுக்கும்.

நடக்கும்போது எண்ணவும் வேண்டும். எங்கள் நாலு ஒழுங்கையில் 31 கிணறு, அந்தக் கோடையில் வற்றியவை 9. "பெரும்பாலான கிணறுகள் வற்றிவிட்டன" என்று எழுத எனக்கும் கை வந்தது. எழுதியிருந்தால், வற்றாத 22 வீட்டுக்காரரும் "பொய் எழுதியிருக்கிறாங்கள்" என்று தாளை மடித்து வைத்திருப்பார்கள். 9 என்றால் 9. அந்த 9 எந்த வீடுகள் என்று ஊருக்கே தெரியும்.

யாருடையது, யாருடைய பொறுப்பு

இதை விசாரிக்காமல் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் பலர். வயலுக்குப் பாய்கிற சிறு குளங்கள் பெரும்பாலும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. சில குளங்கள் பிரதேச சபையிடம். கோயில் கேணி என்றால் கோயில் நிர்வாகம். விதானையாரிடம் முதலில் கேளுங்கள் (கிராம அலுவலர் என்பது பதவிப் பெயர், ஊரில் இன்னும் விதானையார்தான்). வாய்ப்பேச்சில் விடை கிடைக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு, என்ன தகவல் வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தால், தருகிறார்களா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். "ஏன் திருத்தவில்லை?" என்று கேட்காதீர்கள், அது சண்டை. "கடைசியாக எந்த ஆண்டு தூர்வாரப்பட்டது, அதற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது?" என்று கேளுங்கள். வருகிற கடிதத்தின் ஒரு வரி, உங்கள் நோட்டீஸின் பத்து வரிக்குச் சமம்.

ஒரு தாளில் ஒன்றைத்தான் கேட்கலாம்

என் முதல் நோட்டீஸ் குளத்தைத் துப்புரவாக்கக் கேட்டது, பிளாஸ்டிக் பாவிக்க வேண்டாம் என்றது, மரம் நடச் சொன்னது, நிலையத்துக்குச் சந்தா கட்டச் சொன்னது. வாசித்தவர் எதைச் செய்வார்? ஒன்றையும் செய்யமாட்டார். இரண்டாவது கேட்டது ஒன்றே ஒன்று: இந்த ஞாயிறு மூன்று மணித்தியாலம்.

இதற்கு என் மனதில் எப்போதும் வருகிற உதாரணம் யாழ்ப்பாணப் பொது நூலகம். அதன் கதை 1981 மே 31 இரவு மூட்டிய தீயோடுதான் பலருக்குத் தொடங்குகிறது. ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் போன இரவு. ஆனால் நூலகத்தின் தொடக்கம் ஒரு வேண்டுகோள். நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்த கே. எம். செல்லப்பா தன் வீட்டிலேயே புத்தகங்களைச் சேர்த்துப் பிறருக்கு வாசிக்கக் கொடுத்து வந்தார். 1933 இல், யாழ்ப்பாணத்துக்கு ஓர் இலவச நூலகம் வேண்டும் என்று ஊருக்கு ஒரு வேண்டுகோளை வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 1 ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறை ஒன்றில் 844 புத்தகங்களோடு நூலகம் திறந்தது. நான் கவனிப்பது இரண்டு விஷயம். கேட்டவர், கேட்க முதல் தன் வீட்டில் தானே தொடங்கியிருந்தார். கேட்ட பொருளும் எவர் வீட்டிலும் ஒன்றிரண்டாவது இருக்கக்கூடியது. நோட்டீஸ் எழுதுகிறவர், அடுத்த ஞாயிறு தன் கையில் மண்வெட்டி இருக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம் எங்களிடமே உண்டு. 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் கேட்டது. பேச்சும் எழுத்தும் அப்படி வேலை செய்ததில், யாழ்ப்பாணத்தின் நாலு தொகுதியிலும் ஒருவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. அந்த ஒற்றுமை இன்றைக்கும் ஆச்சரியம். ஆனால் "போகாதே" என்பதற்கு அடுத்த படி என்ன என்பதில் ஊர் ஒருமிக்கவில்லை. 1934 இல் அதே தொகுதிகளுக்குத் தேர்தல் நடந்தது. அது சரியா பிழையா என்று இன்னமும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நோட்டீஸ் எழுதுகிறவருக்கு அதில் ஒரு சின்னப் பாடம் கிடக்கிறது: "வேண்டாம்" என்று எழுதினால், வந்து நிற்கிற சனம் மறுநாள் காலை என்ன செய்ய வேண்டும் என்பதையும் யோசித்து வைத்திருக்க வேண்டும்.

இனி எழுதலாம்

நாங்கள் கடைசியாக அடித்த நோட்டீஸ், பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு, இதுதான்:

"உங்கள் கிணற்றில் வாளி அடியில் தட்டுகிறதா?

இந்தக் கோடையில் எங்கள் நாலு ஒழுங்கையில் 9 கிணறுகள் வற்றின. மழைத்தண்ணி குளத்துக்குப் போகிற வாய்க்கால் மூன்று இடத்தில் அடைபட்டிருக்கிறது. மாரி தொடங்க முதல் அதை வெட்டிவிட வேண்டும்.

செப்டெம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.30 முதல் 9.30 வரை. சேருமிடம்: மதவடி.

மண்வெட்டி, கத்தி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். இல்லாதவர்கள் வெறுங்கையோடு வாருங்கள்; கூடை நிலையத்தில் இருக்கிறது. முதுகு வளைய இயலாதவர்கள் தேத்தண்ணி ஊற்ற வாருங்கள்.

9.30க்கு வேலை முடியும்."

கீழே மூன்று பேருடைய பெயர், வீடு இருக்கிற இடம், தொலைபேசி இலக்கம். அவ்வளவுதான்.

ஒவ்வொரு வரிக்கும் ஒரு கதை உண்டு. முடிகிற நேரத்தைப் போட்டதை நிர்வாகசபையில் எல்லாரும் எதிர்த்தார்கள், "மூன்று மணித்தியாலத்தில் என்ன வெட்டலாம்?" என்றார் பொருளாளர். ஆனால் ஞாயிறு பத்து மணிக்குச் சந்தைக்குப் போகிறவர், பிள்ளையை ரியூஷனுக்கு ஏற்றிப் பறிக்கிறவர், மத்தியானச் சமையல் உள்ளவர் எல்லாரும் பார்ப்பது எப்போது விடுவார்கள் என்பதைத்தான். சொன்னபடி 9.30க்கு வேலையை நிறுத்தினோம். பாதிப்பேர் "இன்னும் கொஞ்சம் வெட்டிப்போட்டுப் போவம்" என்று நின்றார்கள். நிறுத்தாமல் இழுத்திருந்தால் அடுத்த ஞாயிறு வந்திருக்கமாட்டார்கள்.

"முதுகு வளைய இயலாதவர்கள்" என்ற வரியைச் சேர்த்தது ஓய்வுபெற்ற ஒரு மாஸ்டர். தன்னைப் போன்றவர்கள் படலைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது என்பது அவருடைய மனக்குறை. அந்த ஒரு வரிக்காக 15 பேர் வந்தார்கள்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம். "வாரீர், காத்திட, எழுந்திடுவோம்" என்பவை மேடைக்கு உரியவை. எழுதினதை உரக்க வாசியுங்கள்; எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வசனத்தை வெட்டுங்கள். தமிழ் உரைநடையில் காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் நிலைக்க வைத்தவர்களில் முன்னுக்கு நிற்பவர் நல்லூர் ஆறுமுக நாவலர். வண்ணார்பண்ணையில் சொந்தமாக அச்சியந்திரசாலை வைத்து, பிரசங்கத்தோடு நிற்காமல் அச்சிலும் சண்டை பிடித்தவர். அவருடைய ஊரில் இருந்துகொண்டு ஒன்பது வரிக்கு ஒரே ஒரு முற்றுப்புள்ளி வைப்பது வெட்கக்கேடு. ஆச்சரியக்குறி ஒரு தாளில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதுவும் இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

பிறகு பரீட்சை. பேப்பர் நாளாந்தம் பார்க்காத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். விளங்குதா என்று கேட்கக் கூடாது. விளங்காவிட்டாலும் விளங்குது என்பார்கள். நான் அந்த ஒழுங்கை முடக்கு அம்மாவிடம்தான் போனேன். வாசித்து முடிய,

"சரி, அப்ப நான் எப்ப வாறது?" என்றார்.

"அதில போட்டிருக்கு அம்மா. ஞாயிறு விடிய ஆறரை."

"இப்ப சொல்லுறாய். வாசிக்கேக்க நடுவில எங்கயோ போட்டுது. அதைப் பெருசாப் போடு. அதோட மண்வெட்டி நாங்களோ கொண்டு வாறது, நீங்களோ தாறது?"

அதுவரை மண்வெட்டியைப் பற்றி நாங்கள் ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை.

யாரையும் பெயர் சொல்லித் திட்ட வேண்டாம்

வாய்க்கால் மூன்று இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று எழுதினோம். ஓர் இடத்தில் மதில் கட்டியவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். எழுதியிருந்தால் கதை குளத்தைவிட்டு மதிலுக்குப் போயிருக்கும். அவருடைய சொந்தக்காரர் ஒரு பக்கம், மிச்சப்பேர் ஒரு பக்கம். அவதூறு என்று சட்டத்தரணியிடம் போனால் அது வேறு செலவு. எழுதாமல் விட்டதில், அவரே ஞாயிறு வந்து நின்று, தன் மதிலுக்குக் கீழே குழாய் போடுவதற்கு இடம் காட்டினார். எல்லா ஊரிலும் இப்படி நடக்கும் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன்.

இதைவிட நுணுக்கமான ஒன்று, வெளியூரிலிருந்து வந்து இங்கே வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: "எங்கட ஆக்கள்" என்ற சொல். யாழ்ப்பாணத்தில் அதற்கு எங்கள் சாதிக்காரர் என்ற பொருளும் உண்டு. நோட்டீஸில் அந்தச் சொல்லும் வேண்டாம், ஒரு பகுதியின் பெயரைச் சொல்லி மற்றப் பகுதியை விடுகிறதும் வேண்டாம். கூட்டம் வைக்கிற இடத்தையும் பாருங்கள். எந்தக் கோயில் வீதியில் வைக்கிறீர்களோ, அதைப் பார்த்தே யார் வருவார், யார் வரமாட்டார் என்பது முடிவாகிவிடலாம். பள்ளிக்கூடம், சந்தி, மதவடி என்று பொது இடமாகப் போடுங்கள். கீழே வருகிற மூன்று பெயரும் மூன்று பக்கத்திலிருந்து இருக்கட்டும். அதில் ஒன்றாவது பெண்ணின் பெயராக இருக்கட்டும். "இவண், ஊர்மக்கள்" என்று மட்டும் போட்ட நோட்டீஸை ஒருவரும் நம்புவதில்லை. எந்த ஊர்மக்கள் என்றுதான் கேட்பார்கள்.

அச்சகம்

கணினியில் ரைப் பண்ணி அனுப்பினால் அப்படியே அடித்துத் தருவார்கள் என்று நினைக்காதீர்கள். நீங்கள் போனில் அடிப்பது யூனிகோட். இங்குள்ள அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துரு. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றும்போது கொம்பும் புள்ளியும் இடம் மாறும், இல்லாவிட்டால் அவர்களே திரும்ப ரைப் பண்ணுவார்கள். அங்கேதான் பிழை புகும்.

எங்களுக்குப் புகுந்த பிழை சாதாரணமானதல்ல. அச்சகத்திலிருந்து புரூப் வந்தது. நான் பார்த்தேன், தலைவர் பார்த்தார், இரண்டு பேரும் சரி என்றோம். பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, குளம் எண்டதுக்கு குலம் எண்டு கிடக்கு" என்றாள். பார்த்தால், "மழைத்தண்ணி குலத்துக்குப் போகிற வாய்க்கால்". இன்னும் கீழே, தலைவர் ஆசைப்பட்டுச் சேர்த்திருந்த "எங்கள் குலம் காப்போம்". அது மட்டும் 500 பிரதியில் வெளியில் போயிருந்தால், ஞாயிற்றுக்கிழமை மதவடியில் யார் வந்து என்ன கேட்டிருப்பார்கள் என்று நினைக்கவே பயம். அந்த வரியையே எடுத்துவிட்டோம். ஆகவே, எழுதினவர் புரூப் பார்க்கக் கூடாது. அவருக்குத் தான் எழுதினதுதான் தெரியும், தாளில் இருப்பது தெரியாது.

ஏ4 தாளை இரண்டாக வெட்டினால் போதும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. திகதி, நேரம், இடம் மூன்றும் கைநீட்டுத் தூரத்தில் கண்ணாடி இல்லாமல் தெரிய வேண்டும். வண்ணம், பூவேலை, அரைப் பக்கப் படம் ஒன்றும் தேவையில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் இல்லாத காலத்தில் இங்கே பத்திரிகை கோடு போட்ட கொப்பித்தாளில் வந்திருக்கிறது. வரிசையில் நின்று வாங்கி வாசித்த சனம் இது. தாளின் பளபளப்புக்காக யாரும் வாசிக்கவில்லை.

கொடுக்கிற விதம்

படலையில் செருகுவது கடைசி வழி. காற்றுக்குப் போகும், ஆடு தின்னும். கையில் கொடுத்து ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் தாள் வீட்டுக்குள் போகும். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வருகிற நேரம், ரியூஷன் விடுகிற நேரம், சலூன், பாண் கொண்டு வருகிற ஓட்டோ, பால் சேகரிக்கிற இடம் என்று உங்கள் ஊரில் சனம் நிற்கிற இடங்கள் உங்களுக்குத் தெரியும். ஞாயிறு வேலைக்கு வியாழன், வெள்ளியில் கொடுங்கள். பத்து நாளுக்கு முதல் கொடுத்தால் மறந்துவிடுவார்கள். திருவிழா, கலியாணம், அந்தியேட்டி எல்லாம் பார்த்துத்தான் நாளை வைக்க வேண்டும்; பக்கத்துக் கோயில் தேர் அன்று சிரமதானம் வைத்தவர்களும் உண்டு.

மதிலில் ஒட்டுவதென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டு ஒட்டுங்கள். கண்ணீர் அஞ்சலிக்கு மேலே மட்டும் ஒட்டிவிடாதீர்கள். எங்கள் ஊரில் மதிலில் எல்லாரும் நின்று வாசிப்பது அது ஒன்றைத்தான், அதற்குக் காரணமும் உண்டு: படம், பெயர், ஊர், நாள், நேரம், எந்தச் சுடலை, எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். நோட்டீஸ் எழுதப் பழகுகிறவர் அதைப் பார்த்தே பாதியைப் படித்துக்கொள்ளலாம்.

வட்ஸ்அப் குழுவுக்குத் தாளைப் படம் பிடித்துப் போட்டால் ஒருவரும் பெரிதாக்கிப் பார்க்கமாட்டார்கள். நாலு வரியில் தனியாக எழுதுங்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறவர்களுக்கு இன்னுமொன்று எழுத வேண்டும். அவர்களால் ஞாயிறு காலை மதவடிக்கு வர முடியாது, அவர்களிடம் கேட்பது வேறு. "கூடை, கையுறை, தேத்தண்ணிக்கு இவ்வளவு ரூபா தேவை, இன்ன ஆளிடம் கொடுங்கள், கணக்குப் போடுவோம்" என்று எழுதினோம். வாய்க்காலின் படம் ஒன்றும் சேர்த்தோம். அங்கே சின்னவயதில் நீந்தினவர்கள் உடனே பதில் போட்டார்கள். பணத்தைவிட நீளமாக நினைவுகள் வந்தன.

மகஜர் என்றால்

சனத்தைக் கூப்பிடுகிற தாள் வேறு, அதிகாரியிடம் கொடுக்கிற தாள் வேறு. வாய்க்காலை நாங்கள் வெட்டலாம். உடைந்த மதகைக் கட்ட எங்களால் ஏலாது. அதற்கு மகஜர்.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். யாருக்கு என்பதில் பெயரைவிடப் பதவியை எழுதுங்கள். ஆள் மாற்றலாகிப் போனாலும் கடிதம் அவரோடு போகாது. முதல் பந்தியில் என்ன வேண்டும், இரண்டாவதில் ஏன், மூன்றாவதில் ஊர் தன் பங்குக்கு என்ன செய்திருக்கிறது. இந்த மூன்றாவது பந்தி உள்ள மகஜரைக் கையில் எடுக்கிற அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார். வடக்கில் நிர்வாக மொழி தமிழ், தமிழிலேயே எழுதுங்கள். கொழும்புக்கும் ஒரு பிரதி போகிறதென்றால் சிங்கள மொழிபெயர்ப்பு ஒன்றை இணைத்தால் வேலை வேகமாகும்.

கையெழுத்துத் தாள் ஒவ்வொன்றின் தலைப்பிலும் கோரிக்கையை ஒரு வசனத்தில் அச்சிடுங்கள். வெறும் கோடு போட்ட தாளில் கையெழுத்து வாங்கினால், நாளைக்கு அந்தத் தாளை எதனோடும் இணைக்கலாம் என்று சனத்துக்குத் தெரியும். இந்த மண்ணில் பெயர்ப்பட்டியல் என்றாலே நெஞ்சிடித்த காலம் ஒன்று இருந்தது. அதை அனுபவித்தவர்கள் கையெழுத்து வைக்கத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், கோழை என்று நினைக்கவும் வேண்டாம். அடையாள அட்டை இலக்கம் கேட்காதீர்கள். பெயரும் முகவரியும் போதும். வீட்டில் ஆண்கள் இல்லை என்று திரும்பி வராதீர்கள். தண்ணி அள்ளுகிறவர் கையெழுத்துத்தான் இதில் முக்கியம்.

கொடுக்கும்போது இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் அலுவலகத்தில், கொடுத்த கடிதம் கிடைக்கவேயில்லை என்று மூன்று மாதம் கழித்து எங்களுக்குச் சொன்னார்கள். முத்திரை குத்திய பிரதியை எடுத்து மேசையில் வைத்த பிறகு கடிதம் கிடைத்தது, இறாக்கையில்தான் இருந்ததாம்.

இன்னுமொரு நோட்டீஸ்

பலர் விடுகிற படி இதுதான். வேலை நடந்து ஒரு கிழமைக்குள், என்ன நடந்தது என்று ஒரு தாள் அடித்து அதே வீடுகளுக்குக் கொடுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு தூரம் வெட்டியது, எது முடியவில்லை, அடுத்தது எப்போது, காசு எவ்வளவு வந்து எதற்குப் போனது. முடியாததை மறைக்க வேண்டாம். மூன்றில் இரண்டு இடம்தான் வெட்டினோம் என்று நாங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் மூன்றாவதுக்கு ஆள் சேர்ந்தது.

கணக்கைச் சதம்வரை போட்டோம். தேயிலை, பாண், கையுறை, கூடை, சீனி 2 கிலோ. தாள் கொடுத்த அன்று பின்னேரமே ஒழுங்கை முடக்கு அம்மா நிலையத்து வாசலில் வந்து நின்றார். கையில் அந்தத் தாள். கண்ணாடி போட்டு, விரலால் வரி பிடித்து வாசித்திருக்கிறார்.

"சீனி ரெண்டு கிலோ எண்டு போட்டிருக்கு. நான் தந்த ஒரு கிலோ எங்க?"

அடித்ததில் 60 பிரதி மேசையில் மிச்சம் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டு நிற்க, ஒவ்வொன்றிலும் 2 ஐ வெட்டி 3 என்று பேனையால் திருத்தினோம்.